வலிக்கிறதாம்: ஓர் ஓவியத்தையும் ஓர் அறிக்கையையும் முன்வைத்து

ஆந்த்ரே புருயே என்ற பிரெஞ்சு ஓவியர் 1887இல் ஒரு பெரிய ஓவியத்தைக் கண்காட்சிக்கு வைத்தார். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டருக்கும் கூடுதலான அகலம். ‘சல்பெத்ரியேரில் ஒரு மருத்துவப் பாடம்’ என்பது அதன் பெயர். சல்பெத்ரியேர், பாரிஸில் உள்ள பழைய மருத்துவமனை. ஏழைப் பெண்களையும் ஆதரவற்ற பெண்களையும் மனநிலை பிறழ்ந்தவர்கள் எனப்பட்ட பெண்களையும் நீண்ட காலம் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். ஓவியத்தில் நின்று பாடம் நடத்துகிறவர் ஷார்கோ. நவீன நரம்பியலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அவரைத்தான்.

ஓவியத்தின் இடப்பக்கம் முழுவதும் ஆண்கள் உட்கார்ந்தும் நின்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள். வலப்பக்கம் ஒரு பெண். மேலாடை தோளைவிட்டு இறங்கியிருக்கிறது. கண் மூடி, தலை சாய்ந்து, பாபின்ஸ்கி என்ற இளம் மருத்துவரின் கைகளில் துவண்டு கிடக்கிறாள். பெயர் பிளான்ஷ் விட்மன். நோய் ‘ஹிஸ்டீரியா’. அவளுக்கு எதிரே, பார்வையாளர்களுக்குப் பின்னால், ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஒரு பெண் வில்லாக வளைந்து கிடக்கும் கோட்டோவியம் அது. ஷார்கோ விவரித்த ஹிஸ்டீரியா வலிப்பின் நிலை. அடுத்து அவள் உடல் என்ன செய்யவேண்டும் என்பதை அந்தப் படம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுபோல் இருக்கிறது என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

நான் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். தென் தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ‘நரம்பு டெஸ்ட்’ என்றும் ‘கரண்ட் வச்சுப் பாக்கற ரூம்’ என்றும் எங்கள் அறையைச் சொல்வார்கள். இந்த ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஷார்கோவையோ பிளான்ஷையோதான் பார்க்கிறார்கள். என் கண் வேறு இரண்டு இடங்களுக்குப் போகிறது. முதலாவது, பக்கத்தில் உள்ள மேசை. அதன்மேல் உடலுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி இருக்கிறது. நான் தினமும் கையில் எடுக்கும் கருவியின் கொள்ளுப்பாட்டி அது. இரண்டாவது, வலது ஓரம். அங்கே செவிலியர் இருவர் நிற்கிறார்கள். பிளான்ஷ் விழுந்தால் தாங்கிப்பிடிக்கக் கைகளை நீட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் மார்கரித் பொத்தார், அந்த மருத்துவமனையிலேயே வாழ்நாளைக் கழித்த தலைமைச் செவிலி. இந்தக் காட்சியில் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. பேசுவது ஆண். பேசப்படுவது ஒரு பெண்ணின் உடல். அந்த உடலைத் தொட்டு, தூக்கி, ஆடை திருத்தி, படுக்க வைப்பது வேறு பெண்கள். என் வேலை அந்த வலது ஓரத்திலிருந்து வந்தது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கையிலோ காலிலோ மரத்துப்போதல், எரிச்சல், பலவீனம் என்று வருகிறவர்களின் நரம்பு மின்சாரத்தை எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்று அளப்பது. மணிக்கட்டில் ஒரு சிறு மின்துடிப்பு கொடுப்போம். கட்டைவிரல் அடிச்சதைமேல் ஒட்டிய மின்முனை, தசை துடிப்பதைப் பதிவுசெய்யும். துடிப்பு வந்துசேர ஆகும் நேரம் மில்லிநொடிக் கணக்கில் திரையில் விழும். அடுத்து முழங்கை மடிப்பில் கொடுப்போம். இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தால் இடைப்பட்ட தூரத்தை வகுத்தால் வேகம். தூரம் 22 சென்டிமீட்டர், வித்தியாசம் 4 மில்லிநொடி என்றால் நொடிக்கு 55 மீட்டர். நல்ல நரம்பு.

எந்திரம் நேரத்தை அளக்கும். தூரத்தை அளப்பது தையல்காரர் வைத்திருப்பதுபோன்ற ஒரு டேப்பும் என் கையும். 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் வேகம் ஐந்து சதவீதம் மாறிவிடும். கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறையும். ஏசி அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுச் சில்லிட்ட கையோடு உள்ளே வரும் பெண்ணை அப்படியே சோதித்தால், இல்லாத நோய் அறிக்கையில் வந்துவிடும். அதனால் தோலின் வெப்பம் 32 டிகிரிக்கு வரும்வரை கையைச் சூடாக்குவோம். மணிக்கட்டில் ஏறாத வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றுவோம். கொலுசு கிடக்கும் இடத்தில்தான் காலுக்கு மின்துடிப்பு கொடுக்கவேண்டும். மெட்டியைக் கழற்றச் சொன்னால் சிலர் முகம் வாடும். “அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்று வெளியே போய்க் கணவரிடம் அனுமதி வாங்கி வருகிறவர்கள் உண்டு. கழற்றாமலே முடியுமா என்று பார்ப்பதும் என் திறமையில் சேர்த்திதான். இதில் எதுவும் அறிக்கையில் வராது. அறிக்கையில் எண்கள் இருக்கும், அடியில் மருத்துவரின் கையெழுத்து இருக்கும்.

இது இன்று தொடங்கியதல்ல. நரம்பின் வேகத்தை முதன்முதலில் அளந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850இல், கோனிக்ஸ்பெர்க் நகரத்தில். நரம்புச் செய்தி அளக்கவே முடியாத வேகத்தில் பாய்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, தவளையின் நரம்பில் அது நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் என்று காட்டினார். அந்தச் சோதனைகளில் அளவுகோலின் எண்களைக் குறித்துக்கொண்டு கூடவே நின்றவர் அவருடைய மனைவி ஓல்கா. நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸே இதைச் சொல்கிறார். எங்கள் துறையின் முதல் டெக்னீஷியன் என்று நான் ஓல்காவைத்தான் சொல்வேன். பாடப்புத்தகத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருக்கிறார். ஓல்கா இருப்பது கடிதத்தில்.

இனி, ஓவியத்தைப் படித்ததுபோல அறிக்கையையும் படித்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு பிரதிதானே.

அறிக்கைக்கு முன்னால் ஒரு படிவம் வரும். பெயர், வயது, தொழில், தொந்தரவு. தொழில் என்ற இடத்தில், வருகிற பெண்களில் பெரும்பாலோருக்கு ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதியிருக்கும். எழுதுவது வரவேற்பில் இருப்பவர், சொல்வது கூட வந்தவர். கையைப் பிடித்ததும் எனக்குத் தெரிந்துவிடும். ஆள்காட்டி விரல் ஓரத்தில் காய்ப்பு, நகத்தடியில் புகையிலைக் கறை. “பீடி சுத்துவீங்களாக்கா?” என்று கேட்டால், “ஆமா தாயி, பத்து வயசுலருந்து” என்பார்கள். மடியில் சொளவை வைத்துக்கொண்டு, இலையை நறுக்கி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை. ஒரே விரல்களால் ஒரே அசைவை ஒரு நாளில் பல நூறு முறை செய்வது. மணிக்கட்டுக் குகையில் நரம்பு நசுங்குவதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பது தெரிந்த விஷயம். கர்ப்ப காலம், தைராய்டு குறைபாடு, சர்க்கரை என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் சரி. படிவத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று இருக்கும்வரை, பீடியும் தையல் எந்திரமும் ஆட்டுக்கல்லும் அந்தப் பட்டியலில் ஏறாது. நோய்க்குக் காரணமாக அவளுடைய ஹார்மோன் மட்டும் மிஞ்சும்.

அடுத்தது ‘தொந்தரவு’ என்ற இடம். பெண்கள் என்னிடம் சொல்லும் சொற்களை எழுதிவைக்கத் தொடங்கி ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. மதமதப்பு, குடைச்சல், உளைச்சல், கடுகடுப்பு, காந்தல், சுள்ளென்று இழுப்பது, எறும்பு ஊர்வது, மிளகாய் அரைத்த கைபோல எரிவது, செருப்பு காலைவிட்டு நழுவினால்கூடத் தெரியாமல்போவது. இவை ஒவ்வொன்றும் வேறுவேறு. மதமதப்பு என்றால் தடித்த நரம்பிழைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். காந்தலும் எரிச்சலும் மெல்லிய இழைகளின் வேலையாக இருக்கலாம். இரவில் விழித்துக் கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக் குகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தனை நுட்பமான சொற்களும் படிவத்துக்குப் போகும்போது ‘பரஸ்தீசியா’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகின்றன. நோய் கண்டறிய உதவும் தகவல் அந்தச் சுருக்கத்தில் தொலைந்துபோகிறது. சொற்கள் இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் பெண்களிடம்தான் சொற்கள் இருக்கின்றன.

கடைசியாக, அறிக்கையின் முடிவு வரி. ‘நார்மல் ஸ்டடி’.

இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். எங்கள் பரிசோதனை காண்பது தடித்த, மயலின் உறை போர்த்திய, வேகமான நரம்பிழைகளை மட்டும். நொடிக்கு 50, 60 மீட்டர் ஓடுகிறவை. எரிச்சலையும் சூட்டையும் வலியையும் சுமக்கும் மெல்லிய இழைகளில் பல, நொடிக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் நடந்துபோகின்றன. அவை எங்கள் திரையில் தெரியவே தெரியாது. சர்க்கரை நோய் தொடங்கும் காலத்தில் இந்த மெல்லிய இழைகள் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பாதம் தீயாய் எரியும், பரிசோதனை நார்மல் என்று சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மெல்லிய இழைகளைப் பார்க்கத் தோலில் கடுகளவு துண்டெடுத்து நுண்ணோக்கியில் எண்ணும் சோதனை உண்டு. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆக, ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இதுதான்: இந்தச் சோதனைக்கு எட்டும் இழைகளில், சோதித்த இடங்களில், இன்று கோளாறு தெரியவில்லை.

அந்தச் சொல் எங்கள் கதவைத் தாண்டியதும் என்ன ஆகிறது? ஐம்பது வயதுள்ள ஒரு பெண். பாதம் எரிகிறது, இரவில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுக்கிறார். அறிக்கை நார்மல். வெளியே அவருடைய மகன் என்னிடம் கேட்டான்: “ஒண்ணுமில்லன்னுதான மேடம் வந்திருக்கு? நாங்க அப்பமே சொன்னோம்.” அந்த அம்மா எதுவும் பேசவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ‘கோளாறு தெரியவில்லை’ என்பது ‘ஒன்றுமில்லை’ ஆகிறது. ‘ஒன்றுமில்லை’ என்பது ‘பொய் சொல்கிறாள்’ ஆகிறது. மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் எங்கள் அறையிலிருந்து மருந்துக்கடை வரைதான்.

தமிழில் ‘ஆம்’ என்றொரு ஒட்டு இருக்கிறது. கேட்ட செய்தியைச் சொல்ல அது உதவும். கேட்டதை நம்பவில்லை என்று காட்டவும் உதவும். ‘நாளைக்கு மழை வருமாம்’ என்பது செய்தி. ‘இவளுக்கு வலிக்குதாம்’ என்று சற்று நீட்டிச் சொன்னால் அது தீர்ப்பு. எங்கள் வராந்தாவில் இதை நாள்தோறும் கேட்கிறேன். ஆண்களுக்குப் பெரும்பாலும் ‘கை வலிக்குது, வேலைக்குப் போக முடியல’ என்று வரும். பெண்களைக் கூட்டிவருபவர்கள் ‘கை வலிக்குதாம்’ என்பார்கள். வலி அவளுடையது, சாட்சி மட்டும் வேறு யாரோ சொல்லவேண்டும். மருத்துவக் குறிப்பில் எழுதும் ‘கம்ப்ளெயின்ஸ் ஆஃப்’ என்ற சொற்றொடரும் இந்த ‘ஆம்’தான், கோட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நார்மல் அறிக்கை வந்துவிட்டால் அந்த ‘ஆம்’முக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மருத்துவர்கள் சிலர் என்னிடமே சொன்னது. நார்மல் அறிக்கை எத்தனையோ பேரைத் தேவையில்லாத அறுவை சிகிச்சையிலிருந்து காப்பாற்றுகிறதே? மனத்தின் அழுத்தம் உடல் வலியாக வருவதும் உண்மைதானே? இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். நரம்பு கெடாமலே கை செயலிழப்பது உண்டு. அது நடிப்பு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய். இதில் ஷார்கோவுக்கும் நியாயம் செய்யவேண்டும். அந்தப் பெண்கள் பாசாங்கு செய்கிறார்கள் என்று உலகம் சொன்னபோது, இது உண்மையான நோய் என்றவர் அவர். ஆண்களுக்கும் ஹிஸ்டீரியா வரும் என்று வாதிட்டவரும் அவர்தான். பரம்பரை நரம்பு நோய் ஒன்றை 1886இல் விவரித்தார். அவர் பெயரைத் தாங்கிய அந்த நோயை நாங்கள் இன்றும் எங்கள் எந்திரத்தில் கண்டுபிடிக்கிறோம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘மனசுதான் காரணம்’ என்ற வாக்கியத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. மனசு காரணம் என்றால் அந்த மனசுக்கு என்ன ஆயிற்று என்றல்லவா அடுத்த கேள்வி வரவேண்டும்? அதை யாரும் கேட்பதில்லை. வைட்டமின் மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் டெக்னீஷியனின் இடம் சங்கடமானது. நாங்களும் பெரும்பாலும் பெண்கள். “அசையாதீங்கம்மா, கொஞ்சம் சுருக்குனு இருக்கும்” என்று சொல்லி மின்சாரம் கொடுப்பது எங்கள் கை. அரை மணி நேரம் அவளோடு தனியாக இருப்பவர்கள் நாங்கள். மருத்துவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லமுடியாததை அவள் எங்களிடம் சொல்வாள். மாமியார், கடன், கருக்கலைப்பு, அடி. தோள்பட்டையில் கை வைத்ததும் துணுக்குற்று விலகும் உடல் சொல்வதும் எங்களுக்குத் தெரியும். முடிவைச் சொல்லும் உரிமை மட்டும் எங்களுக்கு இல்லை. அந்த விதிக்குக் காரணம் உண்டு. எண்களை நோயாளியின் முழு நிலையோடு சேர்த்துப் பார்க்க மருத்துவர் வேண்டும். ஆனால் ‘முடிவு சொல்லக்கூடாது’ என்ற விதி, ‘கேட்டதையும் பார்த்ததையும் எழுதக்கூடாது’ என்று நடைமுறையில் மாறிவிட்டது. ஓவியத்தின் வலது ஓரத்தில் நிற்கும் செவிலியரும் பிளான்ஷைப் பற்றி ஷார்கோ அளவுக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் பாடமாகக் கேட்கவில்லை.

அந்தப் பிளான்ஷ் பிறகு என்ன ஆனார்? ஓவியத்தோடு கதையை நிறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஷார்கோ 1893இல் இறந்தார். அதன்பின் பிளான்ஷுக்கு அந்த வலிப்புகள் வரவில்லை என்று பதிவுகள் சொல்கின்றன. அவர் அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் புகைப்படக் கூடத்தில், பிறகு எக்ஸ்ரே கூடத்தில். கதிர்வீச்சின் ஆபத்து சரியாகப் புரியாத காலம். கதிர்கள் அவர் கைகளை அரித்தன. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1913இல் இறந்தார். பழைய வலிப்புகள் நடிப்புதானே என்று ஒரு மருத்துவர் கேட்டபோது, இல்லை என்று கோபமாக மறுத்ததும் பதிவாகியிருக்கிறது. வாழ்நாளின் முடிவிலும் ‘வலித்ததாம்’ என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவேண்டியிருந்தது.

ஸ்வீடிஷ் எழுத்தாளர் பெர் ஒலோவ் என்க்விஸ்ட் 2004இல் பிளான்ஷை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் அவர் மேரி கியூரியின் உதவியாளராக வருகிறார். அது கற்பனை. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. என்றாலும் எனக்கு ஒரு வருத்தம். மேதையின் ஆய்வகத்தில் கை இழந்தால் அது தியாகம், காவியம். பழைய மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் மாதச் சம்பளத்துக்குக் கை இழந்தால் அது கதைக்கு ஆகாதா? நோயாளியாகப் பாடமேடையில் நின்ற ஒரு பெண், அதே இடத்தில் தொழிலாளியாகி, எந்திரத்தால் செத்தார் என்ற உண்மை கற்பனையைவிட நம்மிடம் அதிகம் கேட்கிறது. ஓவியத்தில் நோயாளியாக ஒரு பக்கமும் தொட்டுத் தாங்கும் பெண்களாக மறுபக்கமும் பிரிந்து நின்றதை அவர் தன் ஒரே வாழ்வில் கடந்தார். இரண்டு பக்கத்திலும் அவருடைய உடல்தான் விலை கொடுத்தது.

அறிக்கையைத் திருத்தி எழுதலாம், அது கல்வெட்டு அல்ல. எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்பதோடு நிறுத்தாமல், கை என்ன வேலை செய்கிறது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டு எழுதவேண்டும். ‘நார்மல்’ என்ற வரிக்குக் கீழே, மெல்லிய நரம்பிழைகளை இந்தச் சோதனை காட்டாது என்று நோயாளிக்குப் புரியும் தமிழில் ஒரு வரி அச்சிடவேண்டும். சோதனை செய்தவர் பெயரும், அவர் கவனித்ததை எழுத இரண்டு வரி இடமும் வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் நாளை அம்மாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ இப்படியொரு சோதனைக்குக் கூட்டிப்போகலாம். கை சில்லென்று இருந்தால் சூடாக்கச் சொல்லுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அவரையே சொல்லவிடுங்கள். அறிக்கை நார்மல் என்று வந்தால், “இந்த டெஸ்டுல தெரியாத நரம்பு இருக்கா டாக்டர்? அடுத்து என்ன பாக்கணும்?” என்று கேளுங்கள். அவருக்காக நீங்கள் பேச நேர்ந்தால், ‘அம்மாவுக்கு வலிக்குது’ என்று சொல்லுங்கள். ‘ஆம்’ வேண்டாம்.